ஓய்ந்திருக்கும் திரையில் ஒரு வலைப்பக்கம்: யார் பார்ப்பதற்கு?

கணினியை விட்டு ஆள் எழுந்துபோன பிறகு அதன் திரை என்ன செய்துகொண்டிருக்க வேண்டும்? இந்தக் கேள்வி எழுந்து 40 ஆண்டுகளுக்கு மேலாகிறது. அணைந்து கிடக்கட்டும் என்றார்கள் சிலர். கண்ணுக்கு இதமாக எதையாவது காட்டட்டும் என்றார்கள் வேறு சிலர். இணையம் அலுவலகங்களுக்கும் வீடுகளுக்கும் வந்து சேர்ந்ததும் மூன்றாவதாக ஒரு பதில் கிளம்பியது. சும்மா கிடக்கும் திரையில் வலைப்பக்கத்தையே ஸ்கிரீன்சேவராக ஓடவிட்டால் செய்தியும் வானிலையும் பங்குச் சந்தை நிலவரமும் தாமாகவே வந்து நிற்கும் அல்லவா?

1996 முதல் இந்த யோசனை பல வடிவங்களில் மீண்டும் மீண்டும் பிறந்திருக்கிறது. பெருந்திரளான பயனர்களிடம் அது எந்த வடிவத்திலும் நெடுநாள் தங்கவில்லை. முழுக்க மறைந்துபோகவும் இல்லை. இன்றும் விண்டோஸுக்கும் மேக்குக்கும் யாராவது இதற்கான சிறு நிரல்களை எழுதி வெளியிட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். இதுவரை வந்த பதில்களையும், அவை பிறந்த சூழலையும், அவற்றின் பலவீனங்களையும் இக்கட்டுரை பரிசீலிக்கிறது. பழைய வாதங்கள் பெரும்பாலும் திரையில் எதைக் காட்டுவது என்பதைச் சுற்றியே நடந்தன. அங்கே நின்று பார்ப்பவர் யார் என்ற கேள்விக்கு உரிய கவனம் கிடைக்கவில்லை. சிக்கலின் வேர் அங்கேதான் இருப்பதாகத் தோன்றுகிறது.

இருட்டே போதும் என்ற தரப்பு

முதல் பதில் கண்ணாடிக் குழாய் மானிட்டரின் இயல்பிலிருந்து வந்தது. குழாயின் உட்புறம் பூசிய பாஸ்பரின் மீது ஒரே இடத்தில் மணிக்கணக்காக எலக்ட்ரான் கற்றை விழுந்தால், அந்த இடம் மற்ற இடங்களைவிட விரைவாகத் தேய்ந்து மங்கிவிடும். பிறகு வேறு எதைத் திறந்தாலும் பழைய எழுத்துகளின் நிழல் அடியில் தெரியும். 1983 டிசம்பரில் ஜான் சோச்சா, ஐ.பி.எம். பி.சி.க்கான சாஃப்ட்டாக் இதழில் ஒரு சிறு நிரலை வெளியிட்டார். மூன்று நிமிடம் எந்த விசையும் அழுத்தப்படாவிட்டால் அது திரையைக் கறுப்பாக்கிவிடும். அதற்குச் சற்று முன்பே அட்டாரி வீட்டுக் கணினிகள் சும்மா விடப்பட்டபோது வண்ணங்களை மாற்றத் தொடங்கின. அதே 1983இல் வந்த ஆப்பிள் லிசா திரையை மங்கலாக்கியது.

இந்தத் தரப்புக்கு அடுத்த பத்தாண்டில் வேறொரு நியாயமும் கிடைத்தது. 1992இல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை எனர்ஜி ஸ்டார் திட்டத்தைத் தொடங்கியபோது முதலில் எடுத்துக்கொண்ட பொருள்களில் கணினிகளும் மானிட்டர்களும் இருந்தன. 1993இல் வெசா அமைப்பின் தரநிலை, கணினியே மானிட்டரைத் தூங்கச் சொல்வதற்கு வழிசெய்தது. ஸ்கிரீன்சேவர் மின்சாரத்தைச் சேமிக்காது என்று எனர்ஜி ஸ்டார் தொடர்ந்து சொல்லிவந்திருக்கிறது. எல்.சி.டி. திரையில் பின்விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். கறுப்புப் படம் காட்டினாலும் செலவு பெரிதாகக் குறையாது. 2011இல் வந்த லினக்ஸின் க்னோம் 3, அசைபடங்களை எல்லாம் விலக்கிவிட்டு வெறும் கறுப்புத் திரையோடும் பூட்டோடும் நின்றது.

இந்தத் தரப்பின் வாதம் வலுவானது. அதன் குறை வேறு. எரியும் எந்தத் திரையையும் அது வீண் என்றே எண்ணுகிறது. ஒரு மருத்துவமனை வரவேற்பறையிலோ ஆய்வுக்கூடத்திலோ, தொலைவிலிருந்து பார்ப்பவருக்கும் பயன்படும் திரை ஒன்று இருக்கலாம் என்ற சாத்தியத்துக்கு அதனிடம் பதில் இல்லை.

அலங்காரமும் கடன்வாங்கிய உழைப்பும்

1989இல் பெர்க்லி சிஸ்டம்ஸ் மேக்குக்காக வெளியிட்ட ஆஃப்டர் டார்க், ஸ்கிரீன்சேவரைக் கடையில் விலைகொடுத்து வாங்கும் பொருளாக்கியது. அதன் சிறகு முளைத்த ரொட்டி டோஸ்டர்கள் உலகம் முழுக்கப் பறந்தன. 1992இல் ஜேமி ஸவின்ஸ்கி தொடங்கிய எக்ஸ்ஸ்கிரீன்சேவர் இருநூறுக்கும் மேற்பட்ட அசைபடங்களோடு இன்றும் வளர்கிறது. 1999 மே மாதம் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்திலிருந்து வந்த செட்டி அட் ஹோம், ஓய்ந்திருக்கும் கணினியின் கணிப்புத் திறனைக் கடன் வாங்கி வானலைத் தரவுகளை அலசியது. 2020 மார்ச்சில் புதிய வேலைகளை அனுப்புவதை அது நிறுத்திக்கொண்டது.

நம் கேள்விக்கு இவற்றிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றுதான். இவற்றில் எதுவும் பார்ப்பவரிடம் எதையும் கேட்கவில்லை. டோஸ்டரைப் பாதியில் விட்டுவிட்டுப் போனால் யாருக்கும் எதுவும் தவறிப்போகாது. செட்டி காட்டிய வண்ண வரைபடத்தைப் புரிந்துகொள்ளாமலே அதன் வேலையில் பங்கேற்கலாம். செய்தித்தலைப்பு அப்படிப்பட்டதல்ல. அது படிக்கப்படுவதற்காகவே வருகிறது.

செய்தி வந்து நிற்கும் திரை

ஓய்ந்த திரைக்கு இணையத்தைக் கொண்டுவந்த முதல் பெரிய முயற்சி 1996இல் வந்த பாயிண்ட்காஸ்ட். இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். கணினி சும்மா இருக்கும்போது அதன் ஸ்மார்ட்ஸ்கிரீன் எழுந்து, பயனர் முன்பே தேர்ந்தெடுத்த பிரிவுகளிலிருந்து தலைப்புச் செய்திகளையும் வானிலையையும் பங்கு விலைகளையும் ஓடவிடும். கூடவே அசையும் விளம்பரங்களும் வரும். நிறுவனத்துக்கு வருமானம் அவற்றிலிருந்துதான்.

இது அன்று பெற்ற வரவேற்பை இன்று கற்பனை செய்வது கடினம். 1997 மார்ச் மாத வயர்டு இதழ், தேடிப்போய்ப் படிக்கும் பிரவுசரின் காலம் முடிகிறது, தானாக வந்துசேரும் ஊடகத்தின் காலம் தொடங்குகிறது என்ற கருத்தை அட்டைப்படக் கட்டுரையாகவே வைத்தது. அதே ஆண்டில் ரூபர்ட் மர்டோக்கின் நியூஸ் கார்ப்பரேஷன் பாயிண்ட்காஸ்டுக்கு 45 கோடி டாலர் தர முன்வந்ததாகச் செய்திகள் வந்தன. பேரம் முடியவில்லை. இரண்டு ஆண்டுகள் கழித்து 1999இல் அந்த நிறுவனம் ஏறக்குறைய 70 லட்சம் டாலருக்குக் கைமாறியது.

வீழ்ச்சிக்குக் காரணமாகப் பெரும்பாலும் அலைவரிசை நெருக்கடியைச் சொல்வார்கள். அதில் உண்மை இருக்கிறது. ஓர் அலுவலகத்தின் நூற்றுக்கணக்கான கணினிகள் ஒரே மெல்லிய இணைப்பின் வழியாக ஒரே செய்தியைத் தனித்தனியாக இழுத்தன. பல நிறுவனங்களின் நெட்வொர்க் நிர்வாகிகள் அதைத் தடைசெய்தார்கள். செய்தியை அலுவலகத்துக்குள்ளேயே ஒரு முறை சேமித்துப் பகிரும் சர்வரைப் பாயிண்ட்காஸ்ட் பின்னர் தந்தது. ஆனால் அலைவரிசை மட்டுமே காரணம் என்றால், அது மலிவானதும் இந்த வடிவம் மீண்டு வந்திருக்க வேண்டும். அப்படி நடக்கவில்லை.

இன்னொரு விளக்கத்தையும் எடைபோட வேண்டியிருக்கிறது. ஸ்கிரீன்சேவர் எழும் நேரம் என்பது அதன் உரிமையாளர் இருக்கையில் இல்லாத நேரம். அவருடைய விருப்பப்படி தேர்ந்தெடுத்த பங்கு விலைகள், அவர் தேநீர் குடிக்கப் போயிருக்கும்போது, யாருமில்லாத நாற்காலிக்கு முன்னால் ஓடின. திரும்பி வந்தவர் மவுஸைத் தொட்டாரானால் அவருக்கு வேண்டியது பாதியில் விட்ட வேலை. தலைப்பின் மீது கிளிக் செய்து முழுச் செய்திக்குப் போகும் வசதியைப் பாயிண்ட்காஸ்ட் தந்தது உண்மைதான். அதைப் பயன்படுத்த வேண்டுமென்றால் அவர் தம் ஸ்கிரீன்சேவரை உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். தனி ஒருவருக்காகத் தைத்த சட்டையை அவர் வெளியூர் போன நாளில் கொண்டுவந்து கொடுத்ததைப் போன்ற நிலை இது.

வலைப்பக்கமே திரையானபோது

பாயிண்ட்காஸ்ட் தனக்கென்று ஒரு நிரலை வைத்திருந்தது. மைக்ரோசாஃப்ட் 1997 இலையுதிர்காலத்தில் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 4ஐ வெளியிட்டபோது யோசனை ஒரு படி மேலே போனது. ஆக்டிவ் டெஸ்க்டாப் எந்த வலைப்பக்கத்தையும் டெஸ்க்டாப் பின்னணியில் பதிக்கும் வசதியைத் தந்தது. சேனல்கள் என்ற ஏற்பாட்டின் மூலம் தளங்கள் தம் பக்கங்களை ஸ்கிரீன்சேவராகவும் வழங்கலாம். நெட்ஸ்கேப்பும் அதே ஆண்டு நெட்காஸ்டருடன் களமிறங்கியது. இரண்டு பெரிய நிறுவனங்களும் சேர்ந்து தள்ளியும் வண்டி நகரவில்லை. விண்டோஸ் விஸ்டாவோடு ஆக்டிவ் டெஸ்க்டாப் விடைபெற்றது.

அதன் இடத்தில் வந்த கேட்ஜெட்டுகளும் உள்ளுக்குள் சிறு வலைப்பக்கங்களே. 2012இல், கேட்ஜெட்டுகள் வழியாகத் தாக்குபவர் கணினியைக் கைப்பற்றக்கூடும் என்று எச்சரித்து, அவற்றை முடக்கிவிடும்படி மைக்ரோசாஃப்டே அறிவுறுத்தியது. மக்கள் விரும்பாததால் வடிவங்கள் மறைவது வழக்கம். இங்கே பாதுகாப்பும் சேர்ந்து கதவை மூடியது. பிரவுசருக்குள் அடைபட்டிருக்க வேண்டிய பக்கத்தை வெளியே கொண்டுவந்து, பயனரின் முழு உரிமைகளோடு ஓடவிட்டதற்கான விலை அது.

2005இல் ஆப்பிளின் டைகர் பதிப்போடு வந்த ஆர்.எஸ்.எஸ். விஷுவலைசர் வேறு வழியில் போனது. பக்கத்தை முழுதாகக் காட்டாமல், அதன் ஓடையிலிருந்து தலைப்புகளை மட்டும் உருவிப் பெரிய எழுத்தில் நீலப் பின்னணியில் சுழலவிட்டது. அறையின் மறுகோடியிலிருந்தும் படிக்கலாம். இந்த வரிசையில் மிகச் சரியான தீர்வுக்கு அருகில் வந்தது இதுவே என்பது என் மதிப்பீடு. பக்கத்தின் பொருளை வைத்துக்கொண்டு அதன் உடலைக் கழற்றிவிட்டது. தளங்கள் ஆர்.எஸ்.எஸ். ஓடைகளைக் கைவிடத் தொடங்கிய பிறகு இந்த வழியும் குறுகிப்போனது.

ஓரக்கண்ணுக்கான திரை

இதே ஆண்டுகளில், வணிகத்துக்கு வெளியே, ஆய்வுலகம் வேறு திசையிலிருந்து இதே கேள்வியை அணுகிக்கொண்டிருந்தது. ஸெராக்ஸின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தில் மார்க் வைசரும் ஜான் சீலி பிரவுனும் 1995இல் அமைதியான தொழில்நுட்பம் என்ற கருத்தை முன்வைத்தார்கள். தகவல் எப்போதும் கவனத்தின் நடுவே வந்து நிற்கத் தேவையில்லை, ஓரத்தில் இருந்துகொண்டு வேண்டும்போது மட்டும் நடுவே வரலாம் என்பது அதன் சாரம்.

அவர்கள் காட்டிய உதாரணம் கலைஞர் நடாலி ஜெரமிஜென்கோ செய்த ஒரு நிறுவல். கூரையில் ஒரு சிறு மோட்டார். அதிலிருந்து எட்டடி நீளப் பிளாஸ்டிக் கயிறு தொங்கும். மோட்டார் பக்கத்து ஈதர்நெட் கேபிளோடு இணைக்கப்பட்டிருக்கும். கேபிளில் தரவு போகும்போதெல்லாம் கயிறு ஒரு துடிப்புத் துடிக்கும். நெட்வொர்க் நெரிசலாக இருந்தால் சரசரவென்று சத்தமிட்டுச் சுழலும். அமைதியாக இருந்தால் சில வினாடிக்கொரு முறை லேசாக அசையும். நடைக்கூடத்தின் உபயோகமில்லாத மூலையில் அது தொங்கியது. பல அறைகளில் இருந்தவர்களுக்கும் அது தெரிந்தது, கேட்டது. அதில் எழுத்து இல்லை, எண் இல்லை, கிளிக் செய்ய ஒன்றும் இல்லை. அது ஒருவருக்கு மட்டும் உரியதாகவும் இல்லை.

இந்தக் கருத்தைத் திரைக்குக் கொண்டுவந்தவர்களில் ஜார்ஜியா டெக்கின் ஜான் ஸ்டாஸ்கோவும் அவர் குழுவும் குறிப்பிடத்தக்கவர்கள். அவர்களுடைய ஒரு ஸ்கிரீன்சேவர், தம் நிறுவனத்தைச் சுற்றியுள்ள வலைப்பக்கங்களிலிருந்து படங்களையும் துண்டு வாசகங்களையும் எடுத்துத் திரையில் ஒட்டுப்படமாக்கியது. நோக்கம் செய்தி தருவதைவிட, ஒரே கூரையின் கீழ் இருப்பவர்களுக்கு ஒருவர் வேலையை மற்றவர் அறியும் வாய்ப்பைத் தருவது. 2000இல் ஐ.பி.எம். ஆய்வாளர்கள் பால் மாக்லியோவும் கிறிஸ்டோபர் காம்ப்பெல்லும் நடத்திய சோதனைகள், இடைவிடாமல் உருளும் எழுத்து, நின்று நின்று மாறும் எழுத்தைவிட அதிகமாகக் கவனத்தைச் சிதறடிப்பதாகக் காட்டின. நினைவில் தங்குவதில் உருளும் எழுத்துக்குக் கூடுதல் பயனும் இல்லை. இவை ஆய்வக முடிவுகள். எல்லா அலுவலகங்களுக்கும் அப்படியே பொருந்தும் என்று சொல்லிவிட முடியாது. ஆனாலும் ஓடும் தலைப்புகளை நம்பிய வடிவங்களுக்கு எதிராக இவை தயக்கத்தை எழுப்புகின்றன.

எக்ஸ்ஸ்கிரீன்சேவரில் உள்ள வெப்கொலாஜ் இந்தப் போக்கின் மறுமுனை. அகராதியிலிருந்து கண்டபடி சொற்களை எடுத்துத் தேடுபொறிகளுக்குக் கொடுத்து, கிடைக்கும் பக்கங்களின் படங்களைத் திரையில் அள்ளி ஒட்டும். ஆபாசப் படங்களும் வரக்கூடும் என்று அதன் ஆவணமே முன்கூட்டி எச்சரிக்கிறது. தெரிவுசெய்யாத வலையை நாலு பேர் நடமாடும் இடத்தில் விரித்துவைப்பது என்னவாக முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

இன்று அமைக்க முனைபவர் சந்திப்பது

செய்முறையில் இது எளிதாகத் தோன்றும். விண்டோஸில் ஸ்கிரீன்சேவர் என்பது எஸ்.சி.ஆர். என்ற பின்னொட்டுக்கு மாற்றப்பட்ட சாதாரண இயங்குகோப்புதான். முழுத்திரையில் ஓடு, அமைப்புகளைக் காட்டு, சிறு சன்னலில் மாதிரி காட்டு என்ற மூன்று கட்டளைகளுக்கு அது இணங்கினால் போதும். உள்ளே ஒரு பிரவுசர் கூறைப் பதித்துவிட்டால் வேலை முடிந்தது. மேக்கில் ஸ்கிரீன்சேவருக்கென்று உள்ள சட்டகத்துக்குள் வெப்கிட் என்ற பிரவுசர் கூறைப் பதிக்கிறார்கள். முகவரிகளின் பட்டியலையும் ஒவ்வொன்றும் எத்தனை வினாடி நிற்க வேண்டும் என்பதையும் கொடுத்தால் சுற்றிச் சுற்றிக் காட்டும் இலவச நிரல்கள் உண்டு.

இடையூறுகள் அதன் பிறகே தொடங்குகின்றன. விண்டோஸில் பழைய நிரல்கள் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரின் கூறையே பதித்தன. தனியாகச் சொல்லாவிட்டால் அது பதிப்பு 7இன் விதிகளின்படியே பக்கத்தை வரையும். இன்றைய தளங்கள் அதில் சிதறிப்போகும். 2022 ஜூனில் அந்தப் பிரவுசர் ஓய்வுபெற்றது. இப்போது எட்ஜை அடிப்படையாகக் கொண்ட வெப்வியூ 2 கிடைக்கிறது. மேக்கில் 2019இன் கேட்டலினா பதிப்பு முதல் வெளியார் ஸ்கிரீன்சேவர்கள் தனி அடைப்புக்குள் ஓடுகின்றன. சஃபாரியில் செய்த லாகின் அங்கே செல்லாது. ஆகவே அலுவலகப் பக்கத்தைக் காட்டச் சொன்னால் லாகின் பக்கம் வந்து நிற்கும். குக்கி அனுமதி கேட்கும் பட்டை பக்கத்தின் பாதியை மறைக்கும். அதைத் தட்டிவிட மவுஸை நகர்த்தினால் ஸ்கிரீன்சேவரே மறைந்துவிடும். வைஃபை அறுந்தால் இணைப்பு இல்லை என்ற அறிவிப்பு இரவெல்லாம் ஒளிரும்.

இவற்றையெல்லாம்விட அடிப்படையான முரண் ஒன்று உண்டு. பெரும்பாலான வலைப்பக்கங்களுக்கு மேலே ஒரு நிலையான பட்டை, ஓரத்தில் ஒரு இலச்சினை, அசையாத மெனு ஆகியவை உண்டு. அசையாத உருவம் திரையைத் தேய்க்கிறது என்பதற்காகத்தான் ஸ்கிரீன்சேவர் பிறந்தது. எல்.சி.டி. திரைகளில் அந்தக் கவலை பெருமளவு நீங்கியிருந்தது. இப்போது ஓ.எல்.இ.டி. மானிட்டர்கள் பரவும்போது அது திரும்பி வந்திருக்கிறது. நாள்தோறும் ஒரே டாஷ்போர்டை மணிக்கணக்கில் காட்டும் ஸ்கிரீன்சேவர், தடுக்க வேண்டிய கேட்டைத் தானே செய்யக்கூடும். பக்கத்தைச் சில புள்ளிகள் நகர்த்திக்கொண்டே இருப்பது, நிறங்களை இருட்டாக்குவது போன்ற தற்காப்புகள் உதவும். முழுத் தீர்வு ஆகா.

பாதுகாப்பைப் பற்றியும் சொல்லாமல் விடக்கூடாது. எஸ்.சி.ஆர். கோப்பு நிரல் என்பதால் அதைத் திறப்பது எந்த நிரலையும் திறப்பதற்குச் சமம். அழகான ஸ்கிரீன்சேவர் என்ற பெயரில் தீநிரல்களைப் பரப்புவது பழைய தந்திரம். ஸ்கிரீன்சேவர் அமைப்பை மாற்றித் தம் நிரலை மீண்டும் மீண்டும் ஓடச் செய்வதைத் தாக்குதல் உத்தியாகவே மைட்டர் நிறுவனத்தின் பட்டியல் பதிவுசெய்திருக்கிறது. முகம் தெரியாதவர் எழுதிய நிரலை இறக்கி நிறுவுமுன் இதை எண்ணிப் பார்ப்பது நல்லது.

மேசையிலிருந்து சுவருக்கு

தனிமனிதரின் மேசையில் தோற்ற யோசனை, சுவரில் வென்றிருக்கிறது. தொழிற்சாலை உற்பத்தி நிலவரம், சர்வர்களின் உடல்நிலை, அழைப்பு மையத்தில் காத்திருப்போர் வரிசை எல்லாம் இன்று வலைப்பக்கங்களாகப் பெரிய திரைகளில் தொங்குகின்றன. குரோமைக் கியாஸ்க் முறையில் திறந்தால் முகவரிப் பட்டை இல்லாத முழுத்திரைப் பக்கம் கிடைக்கும். கிராஃபானா போன்ற கருவிகள் மெனுக்களை மறைக்கும் கியாஸ்க் காட்சியையும், டாஷ்போர்டுகளை ஒன்றன்பின் ஒன்றாகச் சுழற்றும் வசதியையும் தாமே தருகின்றன.

இவை இலக்கணப்படி ஸ்கிரீன்சேவர்கள் அல்ல. ஆனால் பாயிண்ட்காஸ்டின் கனவில் நடைமுறைக்கு வந்த பகுதி இதுதான். இங்கே பார்ப்பவர் கடந்துபோகிறவர். அவர் கையில் மவுஸ் இல்லை. பக்கமும் அதை அறிந்தே வடிவமைக்கப்பட்டிருக்கிறது. ஸெராக்ஸ் நடைக்கூடத்தில் தொங்கிய கயிறும் இத்தகைய பார்வையாளருக்காகவே இருந்தது. ஒருவருடைய மின்னஞ்சலோ நாட்காட்டியோ இப்படித் தொங்குமானால் அது வேறு கதை. உரிமையாளர் இல்லாத நேரத்தில் வழிப்போக்கர்கள் அதைப் படிப்பார்கள். பூட்டிய திரையின் மீதே தனிப்பட்ட பக்கம் ஓடினால் பூட்டுக்குப் பொருளில்லை.

தீராமல் நிற்பவை

எனவே தனிக் கணினியில் வலைப்பக்க ஸ்கிரீன்சேவரை நியாயப்படுத்துவது கடினம். பலர் பகிரும் அறையில், பொதுவான தகவலுக்கு, அதற்காகவே வரைந்த பக்கத்தோடு என்றால் நியாயம் வலுப்பெறுகிறது. இடையில் உள்ளவை விவாதத்துக்குரியவை. வீட்டு மேசையில் இருக்கும் கணினி ஒருவருடையதா, குடும்பத்துடையதா? மாலை நேரத்தில் வானிலையையும் பேருந்து நேரத்தையும் காட்டும் திரை, அது செலவழிக்கும் மின்சாரத்துக்கு ஈடு செய்கிறதா? அணைத்துவிடுவதே மேல் என்ற எனர்ஜி ஸ்டார் தரப்பை எதிர்ப்பவர்கள் தம் பக்கத்து ஆதாயத்தை இன்னும் யாரும் ஏற்கும்படி அளந்து காட்டவில்லை.

வலைத் தொழில்நுட்பத்தின் பக்கத்திலும் கணக்கு முடியவில்லை. திரை அணையாமல் இருக்கும்படி ஒரு பக்கமே கேட்டுக்கொள்ளும் ஏற்பாடு இன்று முக்கிய பிரவுசர்களில் இருக்கிறது. பயனர் ஓய்ந்திருக்கிறாரா, திரை பூட்டப்பட்டிருக்கிறதா என்று பக்கம் அறிந்துகொள்ளும் ஏற்பாட்டை 2021இல் குரோம் சேர்த்தது. மொஸில்லாவும் ஆப்பிளும் அதை ஏற்கவில்லை. ஒருவர் எப்போது மேசையில் இருக்கிறார், எப்போது எழுந்துபோகிறார் என்பதைத் தளங்கள் கண்காணிக்க அது வழிவிடும் என்பது அவர்கள் அச்சம். அந்த அச்சத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் தன்னை ஸ்கிரீன்சேவராக ஓட்டுகிறார்கள் என்பதை அறியாத பக்கம், பட்டைகளை மறைக்கவோ எழுத்தைப் பெரிதாக்கவோ அசைவைக் குறைக்கவோ முடியாது. அச்சுக்குப் போகும்போது பக்கம் தன் வடிவத்தை மாற்றிக்கொள்ள வலைத் தரநிலைகளில் நெடுங்காலமாகவே இடம் உண்டு. பயனரைக் கண்காணிக்காமல் ஓய்ந்த திரைக்கும் அப்படியொரு வடிவத்தைத் தர முடியுமா என்பதைத் தரநிலைக் குழுக்கள் இனிமேல்தான் எடுத்துப் பேச வேண்டியிருக்கிறது.